ஏழு அங்குலம் குறைந்த திரை

அந்தத் தெருவில் அவரை ‘டெய்லர்’ என்று கூப்பிடுகிறவர்கள் வழி தெரியாமல் வந்த புது ஆட்கள்தான். மற்றவர்களுக்கெல்லாம் அவர் ‘அங்குலம்’. ஒரு அங்குலம் பிசகினாலும் தைத்த சட்டையை வாடிக்கையாளரின் கண்முன்னாலேயே பிரித்துப் போட்டுவிடுவார் என்பதால் வந்த பெயர். கிண்டலுக்கு வைத்ததுதான். அவரோ அதைப் பட்டம் மாதிரி எடுத்துக்கொண்டு, கடைப் பலகையில் சொந்தப் பெயரை அழித்துவிட்டு ‘அங்குலம் தையலகம்’ என்றே எழுதிக்கொண்டார். அந்தப் பலகைக்குக் கீழே நுழையும்போது இப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்கிறார். பலகை ஒன்றும் தாழ்வாக இல்லை.

கடை நீளவாக்கில் ஓர் அறை. வாசல் பக்கம் வெட்டு மேசை. அதன் விளிம்பு முழுக்கப் பித்தளை அளவுகோலைப் பதித்து வைத்திருந்தார். அதற்குப் பின்னால் இரண்டு மெஷின்கள், ஒன்றில் அவர், இன்னொன்றில் அவர் மனைவி. காஜா எடுப்பதும் பொத்தான் வைப்பதும் அந்த அம்மாள் பொறுப்பு. கடையில் பேச்சு முழுவதும் அங்குலத்தின் பொறுப்பு.

அவருக்குச் சதவீதம் என்றால் உயிர். டேப்பை இடுப்பில் சுற்றியதும் முதலில் வருவது அதுதான். “போன தடவை முப்பத்து நாலு, இப்ப முப்பத்தாறு. ஆறு சதவீதம் ஏறியிருக்கீங்க” என்பார். கடையில் நாலு பேர் இருக்கிறார்களே, மனுஷன் கூச்சப்படுவானே என்றெல்லாம் பார்க்க மாட்டார். அந்த ஆளே மெனக்கெட்டு நடந்து, ஓடி, உடம்பைக் குறைத்துக்கொண்டு வந்தால், “ஏறின ஆறும் இறங்கிடுச்சு, பழைய இடத்துக்கு வந்துட்டீங்க” என்று முதுகில் தட்டுவார். கணக்கில் புலி என்று பெயர் வாங்கிவிட்டதால் யாரும் எதிர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

புதுத் துணி தண்ணீர் பட்டால் சுருங்கும். மற்ற தையல்காரர்கள் குத்துமதிப்பாக ஒரு விரல் கூட விட்டு வெட்டுவார்கள். அங்குலத்துக்கு அந்த வார்த்தையே ஆகாது. ஒரு துண்டை வெட்டி, நனைத்து, காயவைத்து, பித்தளை அளவுகோலில் வைத்துப் பார்ப்பார். நூற்றுக்கு ஐந்து சுருங்கியிருந்தால் அளவோடு நூற்றுக்கு ஐந்து சேர்த்து வெட்டுவார். எவ்வளவு போகுமோ அவ்வளவையும் முன்கூட்டியே சேர்த்துவிட்டால் போனதும் வந்ததும் நேராகிவிடும் என்பது அவர் சித்தாந்தம். இத்தனை வருஷமும் சட்டைகள் சரியாகவே வந்தன. அதில்தான் மனுஷன் ஏமாந்தார்.

ஒரே மகளை சாயப்பட்டறைக்காரர் வீட்டில் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை தங்கமானவர். மாப்பிள்ளையின் அப்பாவும் தங்கம்தான், ஆனால் அங்குலத்தின் தராசில் கொஞ்சம் மாற்றுக் குறைந்த தங்கம். காரணம், அவர் எதையும் அளக்காத ஆள். தொட்டியில் தண்ணீர் கொதிக்கிற சத்தத்தைக் காதால் கேட்டு, ஆவியில் புறங்கையைக் காட்டி, சாயத்தூளைக் கரண்டி கரண்டியாகக் கண்ணளவில் போடுவார். கை இரண்டும் முழங்கை வரைக்கும் எந்த நிறம் என்று சொல்ல முடியாத ஒரு நிறத்தில் இருக்கும். “சம்பந்தி, சம்பந்தி” என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அங்குலமும் பதிலுக்குக் கூப்பிடுவார், ஆனால் அவ்வளவு வாய் நிறையாது.

இந்த நிலையில்தான் பொது அரங்கத்துக்குப் புதுத் திரை தைக்கிற வேலை வந்தது. பழைய திரை கிழிந்து நூலாகத் தொங்கியது. மேடையின் உயரம், திரைக்கம்பியிலிருந்து தரை வரை சரியாகப் பதினைந்து அடி. வெளுக்காத, சாயம் ஏறாத தடித்த கோராத் துணி எடுத்துத் தைத்து, அதன்பிறகு மொத்தத் திரையையும் அடர் சிவப்பில் தோய்க்க வேண்டும். முதலிலேயே தோய்த்துவிட்டுத் தைத்தால் துண்டுக்குத் துண்டு நிறம் மாறிக் காட்டும் என்பதால் அந்த ஏற்பாடு. தையல் அங்குலத்துக்கு, சாயம் சம்பந்திக்கு. அரங்க மேலாளர் இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துத் திறப்பு விழாத் தேதியைச் சொன்னார்.

வெளியே வந்ததும் சம்பந்தி துணியின் ஓரத்தை விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

“நெசவு லூசா இருக்கு சம்பந்தி. கொதிக்கிற தொட்டியில இறங்கினா நல்லாவே சுருங்கும். நீளத்தைத் தாராளமா விட்டுக்குங்க. மிச்சமானா மடிச்சுத் தெச்சுக்கலாம்.”

“தாராளம்னா எத்தனை சதவீதம்?” என்று கேட்டார் அங்குலம்.

சம்பந்தி சிரித்துவிட்டு, அதெல்லாம் தனக்கு எங்கே தெரியும் என்றார். அங்குலம் அதை அத்தோடு விடவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் அந்தத் ‘தாராளமா’வை நடித்துக் காட்டி ஒரு பாடு சிரித்தார். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புதான் முதலில் வந்து குத்துகிறது.

ஐம்பது அங்குலத்தில் ஒரு துண்டு வெட்டி, அதைப் பட்டறைத் தொட்டியில் போட்டு எடுத்துத் தரச் சொன்னார். வந்து காய்ந்ததும் மேசையில் வைத்துப் பார்த்தால் நாற்பது. ஐம்பதில் பத்து போயிருந்தது, அதாவது இருபது சதவீதம். அவ்வளவு சுருக்கத்தை அவர் ஆயுசில் பார்த்ததில்லை. ஆனால் கணக்கு கணக்குதானே. பதினைந்து அடிக்கு இருபது சதவீதம் மூன்று அடி. பதினெட்டு அடிக்கு வெட்டினார். மேல் மடிப்புக்கும் கீழ் மடிப்புக்கும் விட்டது தனி. மனைவி மட்டும் ஒருமுறை, இன்னும் கொஞ்சம் விட்டால்தான் என்ன, துணிதான் மிச்சம் கிடக்கிறதே என்றாள். அளவுக்கு மேல் விடுவது அளக்கத் தெரியாதவன் செய்கிற வேலை என்று அவளை வாயடைத்துவிட்டார்.

திரை தைத்து முடிந்து பட்டறைக்குப் போனது. அவ்வளவு பெரிய துணியை அலசி, உலர்த்தி எடுப்பதற்குள் சம்பந்திக்கும் மாப்பிள்ளைக்கும் முதுகு ஒடிந்துவிட்டது. விழா நாளன்று மதியம்தான் நேராக அரங்கத்துக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். அரங்க ஆட்கள் கம்பியில் மாட்டி, இரண்டு பக்கமும் ஒதுக்கிச் சுருட்டிக் கட்டி வைத்தார்கள். சுருட்டிக் கட்டினால் நீளம் யாருக்குத் தெரியும்? அங்குலம் அந்த நேரத்தில் வீட்டில் தனக்கென்று தைத்துக்கொண்ட புதுச் சட்டையின் காலரை நீவிக்கொண்டிருந்தார்.

விழாவில் இரண்டாவது வரிசையில் இடம். ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் சம்பந்தி, அவரை அடுத்து மகளும் மாப்பிள்ளையும். நாடகம் தொடங்குவதற்கு முன் திரையை இழுத்து மூடினார்கள். நிறம் கண்ணைப் பறித்தது. கூட்டத்தில் ஒரு ‘ஆகா’ எழுந்தது. அங்குலம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு கூட்டத்தின் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. திரை தரையைத் தொடவில்லை. ஒரு சாண் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் கால்கள். இங்கும் அங்கும் ஓடுகிற கால்கள், ஒரு செருப்பை மட்டும் போட்டுக்கொண்டு இன்னொன்றைத் தேடுகிற கால், நின்ற இடத்திலேயே ஒரு காலால் மறு காலைச் சொறிந்துகொள்கிற யாரோ. ராஜா வேஷக்காரர் பட்டு அங்கிக்குக் கீழே குளியலறை ரப்பர் செருப்போடு நடந்துபோனார். பின்வரிசையில் ஒரு குழந்தை “அம்மா, ராஜா செருப்பு” என்றது. அதுவரை அடக்கிக்கொண்டிருந்த கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. அன்றைக்கு அந்த மேடையில் ராஜா செத்தபோதுகூட யாரும் அழவில்லை, செருப்பை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அங்குலத்துக்குக் காது மடல் எரிந்தது. நாற்காலிக்குள் அப்படியே புதைந்துவிடலாமா என்றிருந்தது. இடைவேளையில் மேலாளர் வந்து நின்றார். சத்தம் போடுகிற ஆளில்லை அவர். என்ன ஆயிற்று என்று மட்டும்தான் கேட்டார். சுற்றி நின்ற ஏழெட்டுப் பேர் பதிலுக்குக் காத்திருந்தார்கள், அதில் மூன்று பேர் அவரிடம் இடுப்பளவு கேட்டுக் கூசியவர்கள்.

“துணி என் கையை விட்டுப் போகும்போது பதினெட்டு அடி” என்றார் அங்குலம். “சுருக்கத்துக்கு இருபது சதவீதம் கணக்குப் போட்டுச் சேர்த்திருக்கேன். கொதிக்க வெச்சவரைக் கேளுங்க.”

சொல்லிவிட்டுச் சம்பந்தியைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார்.

சம்பந்தி சாயம் ஏறிய கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பிறகு, “தண்ணி கொஞ்சம் அதிகமா கொதிச்சிருக்கும்ங்க. பெரிய துணி, எடுக்க நேரமாயிடுச்சு. என் தப்புதான்” என்றார். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவர் அப்பா கையமர்த்திவிட்டார். மகள் மட்டும் அங்குலத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார்.

அதன் பலன் உடனே கிடைத்தது. அரங்கத்து நாற்காலி உறைகளுக்குச் சாயம் ஏற்றுகிற வேலை சம்பந்திக்கு என்று பேசி வைத்திருந்ததை மேலாளர் நிறுத்தி வைத்தார். திரையின் அடியில் ஒரு பட்டை ஒட்டுப்போட்டு நீட்டிக் கொடுக்கும்படி அங்குலத்திடம் சொன்னார். பட்டைக்கு ஏற்கெனவே மிச்சமிருந்த கோராத் துணி, சாயம் மட்டும் அதே பட்டறையில், அதே நிறம் வேண்டுமே என்பதால். “இந்தத் தடவையாவது பாத்துச் செய்யச் சொல்லுங்க” என்றார். சொல்லிவிடுகிறேன் என்று பெரிய மனிதர் போலத் தலையாட்டினார் அங்குலம்.

மறுநாள் காலையில் அரங்கத்துக்குப் போய் ஏணியில் ஏறித் திரையை அளந்துகொண்டு வந்தார். பட்டை வெட்டுவதற்கு முன்னால் ஒரு சின்ன ஆசை. சம்பந்தி எத்தனை சதவீதம் அதிகமாகக் கொதிக்கவிட்டார் என்று கணக்குப் போட்டு, அந்த எண்ணை அவரிடமே சொல்லிக்காட்ட வேண்டும். தாராளமா என்று சொன்ன மனுஷனுக்கு ஓர் எண்ணையாவது கற்றுக்கொடுக்கலாம் என்ற நினைப்பு.

வெட்டியது பதினெட்டு அடி, இருநூற்றுப் பதினாறு அங்குலம். இப்போது இருப்பது நூற்று எழுபத்து மூன்று. போனது நாற்பத்து மூன்று. இருநூற்றுப் பதினாறில் நாற்பத்து மூன்று என்றால்…

இருபது சதவீதம்.

தப்பாகப் போட்டுவிட்டோம் என்று மறுபடியும் போட்டார். சாக்கட்டியை எடுத்து மேசை மேலேயே எழுதிப் போட்டார். இருபதுதான். சம்பந்தியின் தொட்டி சொன்னபடி இருபது எடுத்திருந்தது, ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காதால் கேட்டு, ஆவியில் கையைக் காட்டிச் செய்த வேலை. அப்படியானால் ஏழு அங்குலம் எங்கே போயிற்று?

அந்த ஐம்பது அங்குலத் துண்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து அளவுகோலின் மேல் விரித்தார். நாற்பதில் முடிந்தது துணி. அதற்கப்பால் ஐம்பது வரை வெறும் பித்தளை. அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பதிலிருந்து பார்த்தால் பத்து என்பது இருபது சதவீதம். இந்த நாற்பது திரும்ப ஐம்பதாக வேண்டுமானால் நாற்பதோடு பத்து சேர்க்க வேண்டும். அது கால்வாசி. இருபத்தைந்து சதவீதம். பதினைந்து அடிக்குக் கால்வாசி மூன்றே முக்கால் அடி. அவர் சேர்த்தது மூன்று. எத்தனை போனது என்று பார்த்தவர், எதிலிருந்து போனது என்று பார்க்கவில்லை.

மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இது ஒரு நாள் தப்பில்லை என்பது மெல்லத்தான் உறைத்தது. இத்தனை வருஷமும் இதே கணக்கைத்தான் போட்டிருக்கிறார். ஐந்து சதவீதச் சுருக்கத்தில் ஒரு சட்டைக்கு ஒரு நூலளவுதான் வித்தியாசம் வரும், அது மடிப்பிலும் தையலிலும் மறைந்துபோனது. முப்பத்து நாலு முப்பத்தாறு ஆனபோது ஏறிய ஆறு, திரும்ப இறங்கியபோது ஆறு இல்லை, ஐந்தரை. அதைக் கடை நிறைய ஆள் இருக்கும்போது உரக்கச் சொல்லி முதுகில் தட்டியிருக்கிறார். ஒருவர்கூடவா கவனிக்காமல் இருந்திருப்பார்கள்? கவனித்தும் பெரிய மனிதர் பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தால்? அதை நினைத்தபோது இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

மனைவி என்ன என்று கேட்டாள். சாக்கட்டித் தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்றார். மேசை மேல் எழுதியதைப் புறங்கையால் அழித்தார்.

அன்று சொல்லியிருக்கலாம். நாலு தெரு தள்ளித்தான் சம்பந்தி வீடு. ஆனால் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்ட சொல்லைத் திரும்ப எடுப்பது அவ்வளவு லேசாக இல்லை. ஒரு நாள் போனால் தானாகச் சரியாகிவிடும் என்று தள்ளிப்போட்டார். இடையில் மகள் வந்தாள். அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது கடை வரைக்கும் கேட்டது.

“மாமா ரொம்ப மாறிட்டாரும்மா. முன்னல்லாம் தொட்டி பக்கத்துல போய் நின்னாலே போதும், அவருக்குத் தெரிஞ்சிடும். இப்ப கையைக் காட்டிப் பாத்துட்டு, ‘சரியா இருக்கா’ன்னு இவரைக் கூப்பிட்டுக் கேக்குறாரு. இவரு சரின்னு சொன்னாலும் நம்ப மாட்டேங்குறாரு.”

அங்குலம் மெஷினை வேகமாக மிதித்தார். ஊசிக்கு அடியில் துணி இல்லை.

பட்டையை வெட்டும்போதாவது நியாயமாக வெட்டினார். தோய்த்துச் சுருங்கி முடிந்தபிறகு ஏழு அங்குலமும் கொஞ்சமும் வேண்டும், அதோடு கால்வாசி சேர்த்து ஒன்பது அங்குலம், ஒட்டுக்குத் தனி. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் பட்டறைக்குப் போனார்.

சம்பந்தி அவரைப் பார்த்ததும் எழுந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்றைக்கு உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று அவரே ஆரம்பித்தார். தொட்டி விளிம்பில் புத்தம்புதிதாக ஒரு தெர்மாமீட்டர் கம்பியில் கட்டித் தொங்கியது. அதைக் காட்டி, “வயசாயிடுச்சு போல சம்பந்தி, கை சொல்றதை இனிமே நம்பக் கூடாது” என்றார்.

தெர்மாமீட்டரைப் பார்த்தபடி அங்குலம் வார்த்தைகளை மென்று விழுங்கினார். கடைசியில் வெளியே வந்தது, “துணியிலயும் ஏதாவது கோளாறு இருந்திருக்கும். நீங்களே முழுசா மேல போட்டுக்காதீங்க” என்பதுதான்.

சம்பந்தியின் கண் கலங்கிவிட்டது. “உங்களுக்குப் பெரிய மனசு சம்பந்தி” என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. திரும்பி வருகிற வழியில் எதிரே வந்த இரண்டு பேர் வணக்கம் சொன்னதையும் அங்குலம் கவனிக்கவில்லை. தெரியாமல் செய்ததற்கு ஊர் சிரித்தது. தெரிந்து செய்ததற்கு ஒரு நல்ல மனுஷன் கண் கலங்கி நன்றி சொல்கிறான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

பட்டை தயாராகி, அரங்கத்தில் வைத்தே ஒட்டுவது என்று ஏற்பாடு. அங்குலம் ஊசியும் நூலுமாக மேடையில் உட்கார்ந்திருந்தார். மேலாளரும் வந்து நின்றார். சம்பந்தியும் மாப்பிள்ளையும் பட்டையைக் கொண்டுவந்து திரைக்கு அடியில் பிடித்தார்கள். பிடித்த மாத்திரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. திரை அடர் சிவப்பு. பட்டை வெளுத்த செங்கல் நிறம். போதாததற்குப் பட்டை நீளமாகவும் இருந்தது, ஒரு விரற்கடைக்கு மேல் தரையில் புரண்டது.

அதிகமாகக் கொதித்துவிடுமோ என்று பயந்து சம்பந்தி சூட்டைக் குறைத்திருக்கிறார். சூடு குறைந்ததால் சாயமும் ஏறவில்லை, துணியும் சுருங்க வேண்டிய அளவு சுருங்கவில்லை. நாற்பது வருஷக் கை ஒரே சொல்லில் கெட்டுப்போயிருந்தது.

மேலாளர் பெருமூச்சு விட்டு, “சாயக்காரரே, இதுவும் இப்படியா?” என்றார்.

சம்பந்தி பட்டையைப் பிடித்த கையை இறக்கவில்லை. இறக்கினால் வேறெங்கே பார்ப்பது என்று தெரியாதவர் போல அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்குலம் எழுந்தார். சட்டைப் பையில் அந்த நாற்பது அங்குலத் துண்டை மடித்து வைத்திருந்தார். எதற்கென்று தெரியாமலே சில நாட்களாக அதைச் சுமந்துகொண்டு திரிந்தார். அதை எடுத்து மேடைப் பலகையில் விரித்தார். குரல் அவருக்கே கேட்காத மாதிரி இருந்தது.

“தப்பு இவரோடது இல்ல. திரை சரியா இருபது சதவீதம்தான் சுருங்கியிருக்கு. அம்பதுல பத்து போனா இருபது. ஆனா நாப்பதை மறுபடி அம்பதாக்கணும்னா நாப்பதுக்குப் பத்து சேர்க்கணும். அது இருபத்தஞ்சு. நான் இருபதுதான் சேர்த்தேன். அந்த ஏழு அங்குலம் என்னோடது.”

மேலாளர் குனிந்து துண்டைப் பார்த்தார். விரலால் அளந்து, மனதுக்குள் கணக்குப் போட்டு, தலையசைத்தார். அப்படியானால் நாற்காலி உறை வேலையை இவரே செய்யட்டும், பட்டையை இன்னொரு முறை தோய்த்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, அங்கே நிற்பது நாகரிகமில்லை என்று புரிந்துகொண்டவராக நகர்ந்துபோனார்.

அங்குலத்துக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது. சொல்லியாயிற்று, அவ்வளவுதான், தீர்ந்தது என்று நினைத்தார்.

சம்பந்தி பட்டையை மெதுவாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டுகிற கை பாதியில் நின்றது. அகலத்தை விரலால் ஒருமுறை அளந்தார். அளக்கத் தெரியாத மனுஷர் என்று பெயரெடுத்தவர்.

“இதை எத்தனைக்கு வெட்டினீங்க?”

“ஒம்பது அங்குலம்.”

“ஏழு சொச்சத்துக்கு ஒம்பது. அப்ப இதுல இருபத்தஞ்சு சேர்த்திருக்கீங்க.”

“ஆமா.”

“அப்ப நம்ம பட்டறைக்கு இதைக் கொண்டு வந்து கொடுத்தப்பவே உங்களுக்குத் தெரியும்.”

மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார். இல்லை என்று சொல்ல ஓர் இடுக்குக்கூட இல்லை, எல்லாம் அந்தப் பட்டையிலேயே அளந்து வெட்டப்பட்டிருந்தது.

“தெரியும்” என்றார் அங்குலம்.

சம்பந்தி கோபப்படவில்லை. பெரிய மனசு என்று தான் சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகம் முழுக்கச் சிவந்துபோய், குற்றம் செய்தவர் அவர்தான் என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்க்கத்தான் அங்குலத்தால் முடியவில்லை. பட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கும்போது சம்பந்தி திரும்பாமலே சொன்னார்.

“நாளைக்கு வந்து வாங்கிக்குங்க, டெய்லரே.”

மறுநாள் போனபோது பட்டை தயாராக இருந்தது. திரையோடு வைத்தால் எது திரை, எது பட்டை என்று தெரியாத அதே அடர் சிவப்பு, அளந்தால் ஏழு அங்குலமும் கொஞ்சமும். தொட்டி விளிம்பில் தெர்மாமீட்டரைக் காணோம், வெறும் கம்பி மட்டும் தொங்கியது. அங்குலம் பட்டையைக் கொண்டுபோய் ஒட்டினார். இன்றைக்கு அந்தத் திரை தரையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஒட்டு எங்கே என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

கடைக்கு வருகிறவர்களின் இடுப்பை இப்போது வாய் திறக்காமல் அளக்கிறார். சிலர், என்ன சார், எத்தனை சதவீதம் என்று அவர்களாகவே கேட்கிறார்கள். இரண்டு அங்குலம் என்று மட்டும் சொல்கிறார். மகள் முன்போலவே வந்துபோகிறாள். மாப்பிள்ளையும் ‘மாமா’ என்றுதான் கூப்பிடுகிறார், ஆனால் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு நொடி யோசிக்கிறார்.

வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்குலம் சாயப்பட்டறைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். பழையபடி ஆவதற்கு, இறங்கிய அளவு ஏறினால் போதாது என்பது இப்போது அவருக்குத் தெரியும். எவ்வளவு கூட வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. இதற்குப் பித்தளை அளவுகோல் இல்லை. நேற்றும் போனார். சாயக்காரர் ஆவியில் புறங்கையைக் காட்டிக்கொண்டிருந்தவர், யார் என்று திரும்பிப் பார்த்தார்.

“என்ன வேலையா வந்தீங்க?”

“வேலை ஒண்ணும் இல்ல. சும்மாத்தான் வந்தேன், சம்பந்தி.”

சாயக்காரர் தொட்டிப் பக்கம் திரும்பி ஒரு கரண்டி சாயத்தூளைப் போட்டார். பிறகு அவர் காலால் ஒரு முக்காலியை இந்தப் பக்கம் தள்ளிவிட்டார். “உக்காருங்க” என்றார். அதோடு வேறெந்த வார்த்தையும் சேர்க்கவில்லை. அங்குலம் உட்கார்ந்தார்.